நுனி காணாத மீ

பூங்காவனத்தின் வீட்டுக்குள் "இல்லை" என்ற சொல் நுழைந்ததே கிடையாது. அரிசி தீர்ந்தால் அரிசி நிறைஞ்சிருக்கு என்பாள், உப்புக் குப்பி காலியானால் உப்பு நிறைஞ்சிருக்கு என்பாள், சாமி விளக்கை அணைக்க வேண்டுமென்றால் மலையேத்து என்பாள், வாசலைத் தாண்டுகிறவர் யாராக இருந்தாலும் சரி, வாய்தவறி "போறேன்" என்று சொல்லிவிட்டால் திரும்ப உள்ளே கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு மிடறு தண்ணீர் கொடுத்து, "போயிட்டு வரேன்" என்று திருத்திச் சொல்லவைத்த பிறகுதான் படியிறங்க விடுவாள். பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த பாத்திரமெல்லாம் நெளிந்தும் தொலைந்தும் போன பிறகு, நெளியாமல் தொலையாமல் அவளிடம் இருந்தது இந்தப் பேச்சு ஒன்றுதான்.

தமிழ் வீடுகளில் இதொன்றும் அதிசயமில்லை. ஆனால் மற்றவர்கள் அரிசிக்கும் உப்புக்கும் பார்த்துச் சொல்வதை இவள் எல்லாவற்றுக்கும் சொன்னாள். அடுப்புக்கு கேஸ் தீர்ந்தாலும் நிறைஞ்சிருக்கு, தலைவலி மாத்திரை தீர்ந்தாலும் நிறைஞ்சிருக்கு. மலாய் நாட்டில் பிறை ஆற்றங்கரையில், செம்பாக்கா அடுக்குமாடியின் நாலாவது மாடியில், அவளோடு ஒரே நடைபாதையில் குடியிருந்தவர்களுக்கு இந்தச் சூட்சுமம் எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டு கக் ஸைத்தோன், அதாவது ஸைத்தோன் அக்கா, மலாய்க்காரி. பூங்காவனத்தை "பூஙா" என்று கூப்பிடுவாள், மலாயில் பூவுக்கு அதுதான் பேர். "பூஙா, உன் வீட்டில் சீனி இருக்கா?" என்று அவள் கேட்டால், நிறைஞ்சிருக்கு என்பதை அப்படியே மலாயாக்கிச் சொல்வாள் பூங்காவனம். ஸைத்தோன் சந்தோஷமாகக் கிண்ணத்தை நீட்டிவிடுவாள். அப்புறம் இவள் பின்படி வழியாக இறங்கி ஓடி, கீழே கடையில் சீனி வாங்கி, மூச்சு வாங்க ஏறி வந்து கிண்ணத்தை நிரப்பித் தருவாள். இப்படியே வருஷங்கள் ஓடின. வீட்டில் எதற்கும் குறைவில்லாத பொம்பளை என்று மாடியே அவளைப் பற்றி நம்பியது. அவள் வீட்டுக் கதவைத் தட்டியவர்களெல்லாம் கேட்க வந்தவர்கள்தான், கொடுக்க வந்தவர் யாருமில்லை.

அவள் புருஷன் துரைராஜ் லாரி ஓட்டியவன். மலைப்பாதையில் ஒரு மழைநாளில் அவன் போய்ச் சேர்ந்தபோது மகள் யோகேஸ்வரி பள்ளிக்கூடம் சேர்ந்த புதுசு. துக்கம் கேட்க வந்த கூட்டம் கலைந்த பிறகு பிள்ளை கேட்டது.

"அம்மா, அப்பா எங்க?"

"வீடு பூரா நிறைஞ்சிருக்காரு" என்றாள் பூங்காவனம்.

அரிசி டின்னைத் திறந்து பார்த்துப் பழகிய பிள்ளை அது. அம்மாவின் நிறைவு என்றால் என்னவென்று அதற்கு அந்த வயதிலேயே தெரியும். அதற்குப் பிறகு அது அப்பாவைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அந்தப் பிள்ளைதான் இப்போது வளர்ந்து தாதியாகி, நியூசிலாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலையும் வாங்கி, சீனப் புத்தாண்டுப் பெருநாள் வாரத்துச் சனிக்கிழமைக்கு விமானச்சீட்டும் எடுத்துவிட்டது. சீட்டு எடுத்த அன்று அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள்.

"நான் போயிட்டா நீ தனியா இருந்துக்குவியாம்மா?"

"எனக்கென்னா? எல்லாம் நிறைஞ்சிருக்கு."

யோகேஸ்வரிக்கு வந்ததே கோபம். "ஒரு தடவயாச்சும் உள்ளத நேரா சொல்லும்மா. போவாதன்னு சொல்லு. இல்ல, போன்னு சொல்லு. நிறைஞ்சிருக்கு, நிறைஞ்சிருக்குன்னா நான் என்னா பண்றது? உன்கிட்ட பேசி ஆவாது. நான் போறேன்."

போறேன். பூங்காவனம் சட்டென்று எழுந்தாள். தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் வீட்டில் சாப்பிடவும் இல்லை, அம்மாவோடு பேசவும் இல்லை. காலையில் பசியாறுவதிலிருந்து ராத்திரிச் சோறு வரைக்கும் வெளியேதான். பூங்காவனம் வெளியூருக்கு மகள் போவதைப் பற்றிக்கூட அவ்வளவு கவலைப்படவில்லை. போறேன் என்று சொல்லிவிட்ட பிள்ளை, அதைத் திருத்தாமலே விமானம் ஏறிவிட்டால் என்ன செய்வது? ஏறிவிட்டால் திரும்பி வராது. இதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது.

பெருநாளுக்குச் சந்தையும் மூடிவிட்டது, கடைவீதியும் மூடிவிட்டது. திறந்திருந்த ஒரே ரொட்டிக் கடையில் ஊரே போய் நின்றதில் மாவு தீர்ந்துபோய், கடைக்காரர் கையை விரித்துவிட்டார். யோகேஸ்வரி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெறும் வயிற்றோடு வீடு திரும்பி, சமையலறை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, அம்மாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"மீ கோரெங் இருந்தா நல்லாருக்கும்."

சுவரிடம் சொன்னதாக இருந்தால் என்ன, சண்டைக்குப் பிறகு வீட்டுக்குள் மகள் பேசிய முதல் பேச்சு அது. பூங்காவனம் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, குவாலி என்கிற இரும்புச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டாள்.

"மீ இருக்கா?" என்று சுவரைப் பார்த்தே கேட்டாள் யோகேஸ்வரி. சிறுவயதிலிருந்து தெரிந்த பதில்தான், ஆனாலும் வேண்டுமென்றே கேட்டாள்.

"நிறைஞ்சிருக்கு."

"கறுப்புக் கிச்சாப்பு?"

"நிறைஞ்சிருக்கு."

"தவுகே?"

"நிறைஞ்சிருக்கு."

"தவ்வு? முட்டை? தக்காளி சாஸ்? மிளகாய்ச் சாந்து?"

"எல்லாமே நிறைஞ்சிருக்கு ஆயி. நீ உக்காரு."

அப்படி ஒவ்வொன்றுக்கும் அவள் சொல்லச் சொல்ல, காலியான குவாலி அடுப்பின் மேல் கனத்துக்கொண்டே வந்தது. அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

மீ கோரெங் என்பது மஞ்சள் மீயை, அதாவது நூடுல்ஸை, பெரிய தீயில் பிரட்டி எடுப்பது. அதற்கு மஞ்சள் மீ வேண்டும். அவளிடம் இருந்ததோ, பாக்கெட் மீயின் அடியில் தங்கிய தூளும் துண்டும், எப்போதோ பாயசம் வைத்தபோது மிஞ்சிய ஒரு பிடி சேமியாவும். இரண்டையும் சேர்த்து வெந்நீரில் ஊறவைத்தாள். சோயாவில் செய்கிற கறுப்புக் கிச்சாப்புக்குப் பதிலாகப் புளியைக் கரைத்து, பனைவெல்லத்தை உடைத்துப் போட்டு, நிறத்துக்காகக் காலையில் மிஞ்சிய கடுங்காப்பியையும் அதில் ஊற்றினாள். தவுகே என்கிற பயறு முளைக்குப் பதிலாக, இலையெல்லாம் உரித்துத் தின்று தீர்த்த முட்டைக்கோஸின் நடுத்தண்டைக் குச்சிகுச்சியாக நறுக்கினாள். தவ்வு என்கிற சோயாக் கட்டிக்குப் பதிலாக முந்தாநாள் வடையைப் பிய்த்துப் போட்டாள். முட்டைக்குப் பதிலாகக் கடலைமாவில் மஞ்சள்தூள் போட்டுக் கரைத்து, காய்ந்த எண்ணெயில் ஊற்றிக் கொத்தி எடுத்தாள். தக்காளிக்கு ரசத்தின் அடிவண்டல், மிளகாய்ச் சாந்துக்கு ஊறுகாய்க் குப்பியின் அடியில் நின்ற சிவந்த எண்ணெய், மேலே பிழிய எலுமிச்சை கிடைக்காததால் அதே ஊறுகாயின் தோல். எல்லாம் சேர்ந்து தீ எகிற எகிற, கரண்டி குவாலியில் அடிபடுகிற சத்தத்தில் மாடி முழுக்க மூக்கை நிமிர்த்திக்கொண்டது.

யோகேஸ்வரி கோபத்தை மறந்து தட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

உட்கார்ந்து முள்கரண்டியால் ஒரு இழையை எடுத்து உறிஞ்சினாள். அது வந்துகொண்டே இருந்தது. எழுந்து நின்று கரண்டியை உயரத் தூக்கிப் பார்த்தாள், அப்போதும் வந்துகொண்டே இருந்தது. தூளும் துண்டுமாகக் குவாலிக்குள் போனதெல்லாம் ஒரே இழையாகச் சேர்ந்து, தட்டிலிருந்து குவாலிக்கும், குவாலிக்குள்ளே சுருள் சுருளாகவும் போய்க்கொண்டிருந்தது. பல்லால் கடித்தால் சாதாரண மீயைப் போலத்தான் அறுந்தது. ஆனால் அறுந்த நுனி எங்கே என்று தேடினால் காணவில்லை.

"ஒரே நூலாவுல்ல இருக்கு" என்றாள் யோகேஸ்வரி.

"சேமியா கொஞ்சம் சேத்தேன், அதனால இருக்கும். சுத்திச் சுத்திச் சாப்பிடு" என்றாள் பூங்காவனம்.

இரண்டாம் தட்டும் ஆயிற்று. மகளுக்கு வயிறு நிறைந்தது, முகம் தெளிந்தது, பிறகு தான் கோபமாக இருப்பது ஞாபகம் வந்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். குவாலி மட்டும் விளிம்புவரை அப்படியே இருந்தது.

சமைத்ததைக் கொட்ட முடியுமா? பூங்காவனம் ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு கக் ஸைத்தோன் வீட்டுக்குப் போனாள். கையில் தட்டு போக, பின்னால் குவாலியிலிருந்து இழையும் வாசல் தாண்டி வந்தது. ஸைத்தோன் முதலில் தட்டைப் பார்த்தாள், பிறகு இழை வந்த வழியைப் பார்த்தாள்.

"பன்றிக்கொழுப்பு ஏதும் இல்லையே?" என்று கேட்டாள்.

"சீ சீ. ரசமும் வடையும்தான்."

"அப்ப சரி" என்று வாங்கிக்கொண்டாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. மாடிக்கு மாடி எத்தனையோ விஷயம் நடக்கிற இடத்தில், சமையல் கொஞ்சம் நீளமாகிவிட்டதற்கெல்லாம் யார் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்கள்?

இந்த மீயை வெட்டக் கூடாது என்று தீர்மானித்தவள் எதிர்வீட்டு மூய் அண்ட்டிதான். சிங்கப்பூரில் இருக்கிற மகன்கள் பெருநாளுக்கு வரவில்லை என்பதால், சிவப்பு விளக்கு மட்டும் மாட்டிவிட்டு, சமைக்க மனமில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். வாசலில் நீளமான மீயைக் கண்டதும் துள்ளி எழுந்துவிட்டாள். பெருநாளில் மீயை வெட்டினால் ஆயுசை வெட்டியதாக அர்த்தம், நீளம் குறையாமல் அப்படியே உறிஞ்ச வேண்டும், இவ்வளவு நீளம் இந்த மாடிக்கு வந்தது யார் செய்த புண்ணியமோ என்று நடைபாதையில் நின்று மலாயிலும் சீனத்திலும் மாறிமாறிச் சொன்னாள். ஆயுசு விஷயம் என்றால் யார் கத்தியை எடுப்பார்கள்? ஆகவே இழை அறுபடாமல் ஸைத்தோன் தட்டிலிருந்து மூய் அண்ட்டியின் கிண்ணத்துக்கும், அங்கிருந்து அடுத்த வீட்டுக்கும், அடுத்ததற்கும் அடுத்ததற்குமாகப் போய்க்கொண்டே இருந்தது.

அடுக்குமாடிச் சங்கத்தின் தலைவர் செல்லப்பா விதிமுறைத் தாளை எடுத்துக்கொண்டு மேலே ஏறி வந்தார். நடைபாதையில் செருப்பு அலமாரி வைக்கக் கூடாது, பூந்தொட்டி வைக்கக் கூடாது, சைக்கிள் வைக்கக் கூடாது என்று அதில் இருந்தது. மீயைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவர் கொஞ்சநேரம் தாடையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, இது முடியுமா, இன்னும் இருக்கா?"

"நிறைஞ்சிருக்குண்ணே" என்றாள் பூங்காவனம். உள்ளே குவாலியில் மீ ஒரு விரற்கடை உயர்ந்தது.

"அப்ப நான் தட்டு எடுத்துக்கிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிப் போனார் செல்லப்பா.

மாடி அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. இழை மின்தூக்கியின் கதவில் மாட்டி, கதவு மூடாமல் போனதால் எல்லோரும் படியேறி நடந்தார்கள், நடந்ததில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பார்த்த பிறகு பேசாமல் போக முடியவில்லை. மிதித்துவிடக் கூடாதென்று ஸைத்தோன் துணி கவ்விகளால் இழையைக் கம்பியோடு கம்பியாக உயர்த்தி மாட்டினாள். மேல்மாடிக்காரர்கள் வாளியைக் கயிற்றில் இறக்கி வாங்கிக்கொண்டார்கள், கீழ்மாடிக்காரர்கள் துணி காயப்போடும் மூங்கிலை நீட்டி வாங்கிக்கொண்டார்கள். மைனாக்கள் வந்து இழையின் மேல் வரிசையாக உட்கார்ந்தன. குடித்துவிட்டு வந்து தினம் அடுத்தவர் கதவைத் தட்டுகிற ஒரு மனுஷன், இழையைப் பிடித்துக்கொண்டே நடந்து நேராகத் தன் வீட்டு வாசலில் போய் நின்றான்.

கஷ்டம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஒருவர் அவசரமாக உறிஞ்சினால் அடுத்தவர் தட்டு நகர்ந்தது. மூய் அண்ட்டியின் ஈரத்துணி சொட்டுவது தன் மோட்டார் சைக்கிளின் மேல்தான் என்று சொல்லி, செல்லப்பா அவளோடு பேசாமல் இருந்த காலம் அது. இப்போது அவள் உறிஞ்சும்போது இவர் கிண்ணம் மேசையில் ஊர்ந்தது, இவர் உறிஞ்சும்போது அவள் கிண்ணம் ஊர்ந்தது. "அண்ட்டி, கொஞ்சம் மெதுவா" என்று ஒருநாள் அவரே வாய் திறக்க வேண்டியதாகிவிட்டது. "நீ பெரிய ஆள், நீ மெதுவாகச் சாப்பிடு" என்றாள் அவள். பிறகு எல்லோருமே நடைபாதையில் பாய் விரித்து, ஒரே நேரத்தில் உட்கார்ந்து, ஒரே வேகத்தில் சாப்பிடுவதென்று ஆகிவிட்டது. உறிஞ்சுகிற சத்தம் ஒரே சீராக மாடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயிற்று. காலையில் இருந்த ருசி மாலையிலும் இருந்தது, மறுநாளும் இருந்தது. கடைகள் திறக்கவில்லையே என்று யாரும் கவலைப்படவில்லை.

பூங்காவனம் எல்லோருக்கும் பரிமாறிக்கொண்டே இருந்தாள். "நீ சாப்பிட்டாயா பூஙா?" என்று ஸைத்தோன் கேட்டால், வயிறு நிறைஞ்சிருக்கு என்பாள்.

வெளியே சொல்லாத சந்தோஷம் ஒன்று அவளுக்கு இருந்தது. இழையின் ஒரு சுருள் மகளின் அறைக்குள்ளும் போயிருந்தது. யோகேஸ்வரி பெட்டியில் துணியை அடுக்கி மூடப் போனால், விளிம்பில் மீ மாட்டிக்கொள்ளும். எடுத்துவிட்டு மூடினால் கைப்பிடியில் சுற்றியிருக்கும். கைப்பிடியிலிருந்து அவிழ்த்தால் விமானச்சீட்டும் கடப்பிதழும் வைத்த பையின் வாரில் முடிச்சாக இருக்கும். முடியாத மீ முடியாமலே இருக்கட்டும், பெட்டி மூடாமலே இருக்கட்டும் என்று பூங்காவனம் மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். யார் வந்து கேட்டாலும் கேட்காவிட்டாலும், நிறைஞ்சிருக்கு, நிறைஞ்சிருக்கு, வாங்க என்று கூடுதலாகவே சொன்னாள்.

யோகேஸ்வரி கதவோரம் நின்று இதைப் பார்த்தாள். அம்மா அந்தச் சொல்லைச் சொல்கிறாள், குவாலி உயர்கிறது. மறுபடியும் சொல்கிறாள், மறுபடியும் உயர்கிறது. அவள் தாதி, நோயாளியின் மூச்சையும் நாடியையும் பார்த்துப் பழகியவள். எது எதோடு சேர்ந்து போகிறது என்று கண்டுபிடிக்க அவளுக்கு நேரமாகவில்லை. இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். இத்தனை பேர் சாப்பிட்ட மீயில் அம்மா மட்டும் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை ஸைத்தோனின் வீட்டுக்காரர் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போக வேனைக் கீழே கொண்டுவந்து நிறுத்தினார். மாடியே வழியனுப்பத் தட்டும் கையுமாக நடைபாதையில் உட்கார்ந்திருந்தது. யோகேஸ்வரி பெட்டியை இழுத்தாள். பெட்டி வரவில்லை. மீ அதைச் சுற்றிச் சுற்றிக் கட்டிவைத்திருந்தது.

அவள் உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். மூய் அண்ட்டி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வேணாம் ஆயி" என்றாள் பூங்காவனம். "பெருநாளும் அதுவுமா... வேணாம்."

யோகேஸ்வரி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். வந்து அம்மாவின் முன்னால், அடுப்பு ஓரத்துத் தரையில், சின்னப் பிள்ளை மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மா, நீ பசியாறியாச்சா?"

"என் வயிறு நிறை..." என்று ஆரம்பித்த பூங்காவனம் மகளின் முகத்தைப் பார்த்தாள். அப்பா எங்கே என்று கேட்டபோது இருந்த அதே முகம். அன்றைக்கு அந்த முகத்துக்கு என்ன பதில் சொன்னோம் என்பதும், அந்தப் பதிலுக்குப் பிறகு அந்த முகம் எப்படி வாயை மூடிக்கொண்டது என்பதும் இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. சொல் பாதியில் நின்றது. குவாலி காத்துக்கொண்டிருந்தது, நடைபாதை காத்துக்கொண்டிருந்தது, கீழே வேன் காத்துக்கொண்டிருந்தது.

"இல்ல" என்றாள் பூங்காவனம்.

அவள் குரலில் அந்தச் சொல்லை அந்த வீடு அதுவரை கேட்டதில்லை. அவளுக்கே தன் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. ஆனால் ஒருமுறை வந்துவிட்ட பிறகு அதை நிறுத்த முடியவில்லை.

"பசியாறல. நேத்தும் சாப்பிடல. மீ இல்ல, கிச்சாப்பு இல்ல, அன்னிக்கு வீட்டுல ஒன்னுமே இல்ல யோகேஸ், காப்பித் தண்ணிய ஊத்திப் பிரட்டுனேன். அரிசியும் இல்ல. உங்கப்பா இல்ல. எப்பவோ இல்ல. நீ போயிட்டா இந்த வீட்டுல பேச ஆளு இல்ல. எனக்கு ரொம்ப பயமா இருக்கு. ஆனா நீ போவணும்தான். நான் பயப்படுறேன்னு நீ நின்னுறாத."

அவள் இல்ல, இல்ல என்று சொல்லச் சொல்லக் குவாலி இறங்கியது. சுருள்கள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன, பெட்டியைச் சுற்றியிருந்தது நழுவியது, கம்பியில் இருந்த துணி கவ்விகள் பட் பட் என்று திறந்தன, மைனாக்கள் எழுந்து பறந்தன, நடைபாதை முழுக்க உட்கார்ந்திருந்தவர்களின் தட்டிலிருந்து இழை மெதுவாக வழுக்கிக்கொண்டு, வாசற்படி ஏறி, சமையலறைக்கு வந்து, குவாலியின் அடியில் ஒரு சாண் நீளத்துக்குச் சுருங்கிக் கிடந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஒரு நுனி, அந்தப் பக்கம் ஒரு நுனி. எல்லா மீக்கும் இருப்பதுதான்.

யோகேஸ்வரி அழுதுகொண்டே அதை விரலால் எடுத்து அம்மாவின் வாயில் ஊட்டினாள். பூங்காவனம் மென்றாள்.

"உப்பு கம்மி" என்றாள். "ஒருத்தர்கூடச் சொல்லல பாரு."

"உப்பு இருந்துச்சா?"

"இல்ல."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோகேஸ்வரி பெட்டியை எடுத்தாள், அது சுளுவாக வந்தது. வாசலில் நின்று திரும்பினாள். பூங்காவனம் தண்ணீர்க் குவளையை எடுக்கவில்லை, ஒன்றையும் திருத்தச் சொல்லவில்லை, கையைப் பிசைந்துகொண்டு சும்மா நின்றாள்.

"போயிட்டு வரேம்மா" என்றாள் மகள்.

மறுநாள் காலையில் கக் ஸைத்தோன் துடைப்பத்தோடு வெளியே வந்தவள், வழக்கம்போல, "பூஙா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாள். மலாயில் இன்னும் இல்லை என்பதற்கென்றே தனியாக ஒரு சொல் இருக்கிறது, பெலும் என்று. இத்தனை வருஷம் காதில் விழுந்தும் பூங்காவனம் அதைத் தன் வாயால் சொன்னதில்லை. பொய்யும் இல்லாமல், கதவை அடைக்காமலும் இருக்கிற சொல். போயிட்டு வரேன் என்பதற்கு அது ஒன்றுவிட்ட தங்கச்சி என்று அவளுக்குத் தோன்றியது.

"பெலும்" என்றாள். "வீட்டில் ஒன்றும் இல்லை கக்."

ஸைத்தோன் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள். "ஒன்றும் இல்லையா? இத்தனை நாளும் நிறைந்திருக்கு, நிறைந்திருக்கு என்றாயே?" என்று சத்தம் போட்டாள். திட்டிக்கொண்டேதான் உள்ளே போனாள், திட்டிக்கொண்டேதான் ஒரு கிண்ணம் முட்டையோடு வந்தாள். சத்தத்தைக் கேட்டு வந்த மூய் அண்ட்டி, சந்தை திறந்துவிட்டதென்று சொல்லி மஞ்சள் மீயும் தவுகேயும் கொண்டுவந்தாள். செல்லப்பா கிச்சாப்புக் குப்பியைக் கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்தால் குப்பி திரும்ப வேண்டும் என்றார். எல்லாம் முறையான சாமான். குவாலியில் பிரட்டியதில் மீ சின்னச் சின்னதாக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நுனியோடு வந்தது. நாலு பேருக்குப் பங்கு வைத்ததில் கொஞ்சம் பற்றாமலும் போயிற்று. பத்தல என்று பூங்காவனம் சொன்னதும் மூய் அண்ட்டி தன் கிண்ணத்திலிருந்து கொஞ்சம் எடுத்து அவள் தட்டில் வைத்தாள்.

தட்டைக் கையில் எடுத்தபோது தொலைபேசி அடித்தது. அந்தப் பக்கத்தில் காற்றுச் சத்தம்.

"வந்து சேந்துட்டேம்மா. இங்க மத்தியானம் ஆயிருச்சு. குளுருது. நீ பசியாறியாச்சா?"

"இன்னும் இல்ல ஆயி. இப்பதான் தட்ட எடுத்தேன். நீ?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"நானும் இல்லம்மா. இங்க யாரையும் தெரியல. அழுகையா வருது."

"வரும்" என்றாள் பூங்காவனம். "பையில என்னா இருக்கு பாரு. நான் இருக்கேன், எடுத்துச் சாப்பிடு."

தொலைபேசியைத் தட்டின் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். அந்தப் பக்கம் பொட்டலம் பிரிகிற சத்தம் கேட்கும்வரை காத்திருந்து, பிறகு தன் முதல் வாயை எடுத்து வைத்தாள்.